வலிக்குச் சாட்சி யார்?

கருவேப்பிலங்குறிச்சி சேரியில் எங்கம்மாவுக்கு நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க முடியாது. விரல் பத்தும் மடங்காது. சுவரைப் பிடித்து உட்கார்ந்து வெந்நீரில் கையை முக்கி வைத்திருப்பாள். ஏழரை மணிக்குத்தான் சொம்பைப் பிடிக்க விரல் வரும். பத்து மணிக்கு மேல் நடவில் மற்ற பெண்களுக்குச் சமமாகக் கை ஓடும். சாயங்காலம் திண்ணையில் சிரித்துப் பேசுவாள். விடியப்போகும் நேரத்தில் மறுபடியும் தொடங்கும்.

இந்தக் கணக்கு யாருக்கும் புரியவில்லை. "ஆண்ட, வெயில் ஏறட்டும், வந்துடறேன்" என்று சொல்லியனுப்பினால், "காலையில முடியலங்கிறா, மத்தியானம் நல்லாத்தான் நடறா. உடம்பு வணங்கல, வேற என்னாடி?" என்று பதில் வரும். அவள் வயதில் பாதிகூட இல்லாதவர் வாயிலிருந்து வரும் 'டி' அது. அன்றைக்கு அரைக்கூலி.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று உள்ளே போகும்போது மணி பதினொன்று. கையைத் தொடாமலே "மடக்கிக் காட்டு" என்றார் டாக்டர். மடக்கிக் காட்டினாள். நல்லாத்தானே இருக்கு என்று நாலு மாத்திரை எழுதினார். வெளியே வந்து நான் கேட்டேன்: "ஏம்மா, காலையில சும்மா சொல்றியா?" அவள் பதில் சொல்லவில்லை. ஆண்டை சொன்னதையேதான் நானும் சொல்லியிருந்தேன், 'டி' மட்டும் இல்லை.

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். பச்சைப் பொம்மையில் கண்ணுக்குப் படாத விரிசல் சூளையிலிருந்து எடுக்கும்போது தெரியும். முன்னால் பார்த்தவன் நல்ல பொம்மை என்றுதான் சத்தியம் செய்வான். அவன் பார்த்த நேரம் அப்படி. இது தெரிந்தும் அம்மாவின் கையைப் பதினொரு மணிக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.

பிறகு வேறொரு மருத்துவர் முடக்குவாதம் என்றார். படித்துப் பார்த்தேன். இந்நோயை அறிய 1987இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த ஏழு அடையாளங்களில் முதலாவதே, ஒரு மணி நேரத்துக்குக் குறையாத காலை விறைப்பு. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 பின்னிரவில் ரத்தத்தில் ஏறி விடியற்காலையில் உச்சம் தொடுகிறது; அதைத் தணிக்க வேண்டிய கார்டிசால் போதவில்லை. மூட்டுத் தேய்மானத்தின் வலியோ பெரும்பாலும் உழைக்க உழைக்க, பொழுது சாயச் சாய ஏறுவது. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். நேரத்துக்கு நேரம் மாறுவதைப் பொய்க்கு ஆதாரமாக வைத்தோம். அதுதான் நோயின் அடையாளம்.

ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையோடு சேர்த்து எழுதியது. ஆனால் யாருடைய சொல்? எந்த வருணத்தாருக்கு யார் சாட்சி என்று எட்டாம் அத்தியாயத்தில் பிரித்து வைத்தது மனுநூல். அந்த நாட்டில் சேரிப்பெண்ணின் சொல் தன் உடம்பைப் பற்றிய சாட்சியமாகக்கூட ஏற்கப்படுவதில்லை. ஆண்டையின் தலைவலிக்கு யாரும் ஆதாரம் கேட்டதில்லை.

பொய் சொல்பவர்களும் இருப்பார்களே என்று கேட்கலாம். இருக்கட்டும். ஒருத்தி பொய் சொல்லி அரைநாள் படுத்தால் குடி முழுகாது. உண்மை சொன்னவளைப் பொய்க்காரி ஆக்கினால் அவள் அடுத்த தடவை வாயே திறக்கமாட்டாள். இன்னொருவர் வலியை நாம் கண்ணால் காண வழியில்லை, நம்பத்தான் முடியும். ஆகவே யாரை நம்புகிறோம் என்பது நீதியின் கேள்வி, சாதியின் கேள்வி. கூலி உயர்வு கேட்கும் நம் சங்கங்கள், முடியாதவர்கள் வெயில் ஏறி வந்தாலும் முழுக்கூலி என்பதையும் கோரிக்கையில் எழுத வேண்டும்.

இப்போது நாலு மணிக்கு வெந்நீர் வைப்பது நான்தான். விரல்கள் மெல்லப் பிரிவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் கேட்டதற்கு அம்மா இன்றுவரை பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.