தூங்குபவர் முகத்தில் விழும் தண்ணீர்



சுபுஹு பாங்கு சொல்லியும் எழாத மகன்மேல் செம்புத் தண்ணீரைக் கொட்டுகிற அத்தாமார்கள் நம் ஊர்களில் உண்டு. "முழிச்சிக்கிட்டே நடிக்கிறான்" என்பார்கள். இது சின்னக் குற்றச்சாட்டு அல்ல. தூக்கத்தில் தொழுகை தவறுவதை நபி (ஸல்) அவர்கள் அலட்சியமாகக் கருதவில்லை. விழித்திருந்து தவறவிடுவதையே அலட்சியம் என்றார்கள். அப்படியானால் எது தூக்கம், எது விழிப்பு?

முகத்தின் தொடு உணர்வை மூளைக்குக் கொண்டு செல்வது ட்ரைஜெமினல் நரம்பு. நெற்றிக்கு, கன்னத்துக்கு, தாடைக்கு என மூன்று கிளைகள். ஆனால் 'தண்ணீர் பட்டது' என்று நாம் அறிவது மூளையில்தான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரலைத் தொடுவதாக அவர் சொன்னார்! மூளையில் முகத்துக்கும் கைக்கும் உரிய இடங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சுப்ஹானல்லாஹ்.

தூங்கும்போதும் முகத்திலிருந்து செய்தி போகிறது. வழியில் தலாமஸ் என்ற வாசல் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை. முழுதாக அடைத்துக்கொள்வதும் இல்லை. கன்னத்தில் கொசு உட்கார்ந்தால் கை தட்டிவிடுகிறது. காலையில் கேட்டால் நினைவில்லை. ஆகவே உடல் அசைந்ததை வைத்து 'முழித்துவிட்டான்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. 'ம்... எந்திரிக்கிறேன்' என்று முனகியதை வைத்தும் முடியாது.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் காவலுக்கு விழித்திருப்பதாகப் பொறுப்பேற்ற பிலால் (ரலி) அவர்கள், ஒட்டகத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். வெயில் பட்ட பிறகே எல்லோரும் எழுந்தார்கள். நபியவர்கள் பிலாலைத் தண்டிக்கவில்லை. அங்கிருந்து சற்று நகர்ந்து, உளூச் செய்து, தொழுதார்கள்.

இரவுத் தொழுகைக்குத் துணையை எழுப்பி, எழ மறுத்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் வேண்டப்பட்டிருப்பது அபூதாவூதில் வருகிறது. தெளிப்பதுதான், கொட்டுவது அல்ல.

மறுபக்கமும் உண்டு. பாங்கு காதில் விழுந்து, சுபுஹு என்று புரிந்து, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொள்கிறோமே, அந்த நொடியில் வாசல் திறந்தாகிவிட்டது. அது அத்தாவுக்குத் தெரியாது. அவனுக்கும் ரப்புக்கும் தெரியும். இரவு இரண்டு மணி வரை செல்போன் பார்த்து, எழ முடியாது என்று தெரிந்தே படுப்பவரும், கோட்டைப்பட்டினத்தில் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்து அசந்துபோகிறவரும் ஒன்றல்ல. முன்னவரின் அலட்சியம் விழித்திருக்கும்போதே நடந்துவிட்டது.

இரவில் எழுந்ததும் நபியவர்கள் கையால் முகத்தைத் தடவித் தூக்கத்தைப் போக்கியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாளை மகனை எழுப்பும்போது ஈரக் கையால் அவன் நெற்றியைத் தடவிப் பாருங்கள். எழாவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை போங்கள்.