எழுதுகிறவன் கை

நிவித்திகலப் பக்கத்தில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் கூட்டுச் சேர்கிறார்கள். காணிக்காரர் ஒருவர். அனுமதிப்பத்திரம் எடுத்தவர் ஒருவர். தண்ணீர் இறைக்க இயந்திரம் கொடுத்தவர் ஒருவர். மரத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவு போட்டவர் இன்னொருவர். பிறகு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்குகிற ஐந்தாறு பேர். யாருக்கு என்ன பங்கு என்பது ஊர் வழக்கம். கல் கிடைக்கும் சரளை மண்ணுக்கு 'இல்லம' என்று பெயர். அதைக் கூடையில் இட்டுக் கழுவுகிற நாளில் பங்குகாரர் அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள். அங்கே அப்படி நிற்பதுதான் பத்திரம்.

பெறுமதியான கல் ஒன்று அகப்பட்டுப் பங்கில் பிணக்கு வந்துவிட்டால், விஷயம் பெருநாட்டாண்மைகளைத் தாண்டி இரத்தினபுரியில் ஒரு சட்டத்தரணியின் மேசைக்குப் போகும். அவர் கேட்கிற முதற் கேள்வி: “எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?”

இந்தக் கேள்வியையே முழுநேரத் தொழிலாக்கிக் கொண்ட ஒரு பிரிவினர் சட்டத்தரணிகளிடையே உண்டு. வர்த்தக வழக்குகளையும் கட்டட நிர்மாண ஒப்பந்தங்களையும் பார்ப்பவர்கள். இலக்கியக்காரர்களாகிய நமக்கு இவர்களைத் தெரியாது. கொலை வழக்குப் பேசுகிற அப்புக்காத்து நம் கதைகளில் வருவார். காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசும் வருவார். ஆனால் பாலத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும் மாடிக் கட்டடத்துக்கும் ஒப்பந்தம் எழுதி, பின்னர் அதே ஒப்பந்தத்தை வைத்துக் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்திலோ நடுத்தீர்ப்பாளர் முன்னிலையிலோ வாதாடுகிற மனிதர் எந்தக் கதையிலும் இல்லை. அந்த நீதிமன்றமே 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. நடுத்தீர்ப்புச் சட்டம் அதற்கு முந்திய வருடத்தது. தொழில் புதிது. அது எழுப்புகிற கேள்வி மட்டும் மிகப் பழையது.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். வெளிநாட்டுக் கடனுதவியில் நடக்கும் பெரிய வேலைகளில் பெரும்பாலும் 'ஃபிடிக்' எனப்படும் ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேச சம்மேளனம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் பயன்படுகிறது. ஒப்பந்தகாரர் தோண்டிக்கொண்டு போகும்போது யாரும் எதிர்பாராத பாறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வைப் பொறியியலாளர் வந்து பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், “பார்த்துச் செய்வோம்” என்கிறார். ஒப்பந்தகாரர் அந்த வார்த்தையை நம்பி, மேலதிகச் செலவில் பாறையை உடைத்து வேலையை முடிக்கிறார். பணம் கேட்கும்போது, 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுத்தாயா என்கிறார்கள். 1999ஆம் ஆண்டுப் பதிப்பின் வாசகப்படி, கொடுக்காவிட்டால் உரிமை போயிற்று. பாறை இருந்தது உண்மை, உடைத்தது உண்மை, பொறியியலாளர் கண்ணால் கண்டதும் உண்மை. கடிதம்தான் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பதிப்பில் வேலை கொடுப்பவரின் கோரிக்கைக்கு இப்படி நாள் கணக்குப் போட்டு உரிமையைப் பறிக்கும் விதி இருக்கவில்லை. இரு தரப்புக்கும் ஒரே கடிகாரம் வந்தது 2017ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். பதினெட்டு வருடங்கள் கடிகாரம் ஒருவரின் சுவரில் மட்டும் தொங்கியது.

எழுத்தைக் கேட்பதே அநியாயம் என்று சொல்ல வரவில்லை. நம்மால் அப்படிச் சொல்லவும் முடியாது. அல்குர்ஆனின் ஆக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம். மிம்பர்களில் அதைச் சொல்கிறவர்கள் எழுதுங்கள், சாட்சி வையுங்கள் என்பதோடு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கலாகாது. நீதியாக எழுத வேண்டும் என்று எழுத்தாளனை நேரே விளித்துக் கட்டளை வருகிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவரல்லர், கடன் பட்டவர். அதாவது பளுவைச் சுமக்கப் போகிறவர். அவர் பலவீனராகவோ சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருக்காகப் பொறுப்பாளர் ஒருவர் நீதியோடு சொல்ல வேண்டும். இன்றைய ஒப்பந்தத்தில் இது அப்படியே தலைகீழ். பலமுள்ளவரின் சட்டத்தரணி எழுதுகிறார். பளுவைச் சுமக்கிறவர் கடைசிப் பக்கத்தில் ஒப்பமிடுகிறார்.

வழக்கறிஞர் தொழிலை ஒழுக்கக் கண்ணோட்டத்தில் பேச வருபவர்கள் எல்லோரும் நீதிமன்றத்தையே பார்க்கிறார்கள். பொய்க் கட்சிக்கு வாதாடலாமா என்பதே அவர்கள் கேள்வி. அதற்கும் நம்மிடம் வழிகாட்டல் உண்டு. அன்னை உம்மு சலமா (ரலி) அறிவித்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் தாமும் மனிதரே என்றும், வழக்காளிகளில் ஒருவர் மற்றவரை விட நாவன்மை உள்ளவராக இருக்கலாம் என்றும், கேட்டதை வைத்துத் தாம் தீர்ப்பளிக்கையில் சகோதரனின் உரிமை ஒருவருக்குப் போய்விட்டால் அது நெருப்புத் துண்டே என்றும் எச்சரித்தார்கள். நாவன்மையை விற்றுப் பிழைக்கிற எவரும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆயினும் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புக்கும் ஒரு நாக்கு இருக்கிறது. நடுவில் நீதிபதி இருக்கிறார். மேன்முறையீடு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதுகிற மேசையில் இவற்றில் ஒன்றும் இல்லை. அங்கே எழுதுபவரும் அவரது கட்சிக்காரரும் மட்டுமே இருக்கிறார்கள். மறுதரப்பு இன்னும் அறைக்குள் வரவேயில்லை. ஆகவே சட்டத்தரணியின் தராசு அதிகம் சோதிக்கப்படும் இடம் எழுத்து மேசைதான் என்பேன். நீதிமன்றம் அதற்கு அப்புறம்.

எழுத்து யாரிடம் இருக்கிறது என்பதில் இந்த நாட்டுச் சட்டம் நிறையத் தொங்கவிட்டிருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செல்லாது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் கூர்மையானது. எழுத்திலான ஒப்பந்தத்துக்கு வழக்குத் தொடர 6 வருடம். வாய் வார்த்தைக்கு 3 வருடம். செய்த வேலைக்கான கூலி, கைவினைஞர், தொழிலாளி, வேலைக்காரரின் சம்பளம் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வருடம். தொழில் திணைக்களம் போன்ற வேறு வாசல்கள் பின்னர் திறந்தன என்பது உண்மை. என்றாலும் அந்தப் படிக்கட்டைப் பாருங்கள்: பத்திரக்காரனுக்கு ஆறு, பேச்சை நம்பினவனுக்கு மூன்று, மேனி வேர்த்தவனுக்கு ஒன்று.

நிவித்திகலையைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயங்களுக்கு அந்தப் படிக்கட்டில் இடமே இல்லை. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் காணி சொந்தமாகலாம் என்று அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆட்சி உரிமையாளருக்கு எதிரிடையானதாக இருக்க வேண்டும். தோட்டத்தின் அனுமதியோடு குடியிருப்பவர் மூன்று தலைமுறை இருந்தாலும் அனுமதியாளரே. விசுவாசமாக வேலை செய்துகொண்டிருந்ததே உரிமைக்கு எதிரான சாட்சியாகிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் பெருந்தோட்டங்களை அரசிடம் கொண்டுபோயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கட்டுக்கட்டாக எழுத்து உண்டு. லயத்தில் இருந்தவர் எதிலும் தரப்பினர் அல்லர். 2003 மே மாதமும் 2017 மே மாதமும் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்தபோது, உறுதி இல்லாத வீடு இடிந்தால் இழந்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது. சட்டக் கல்லூரிப் பரீட்சைக்கு நல்ல கேள்வி.

இங்கே சட்டத்துக்காகவும் ஒரு வார்த்தை. நமது ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளமான உரோமன் டச்சுச் சட்டம், வாக்கை ஆங்கிலச் சட்டத்தை விட மதிக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் வாக்குக்கு ஈடாக ஏதாவது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1918இல் ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் கோமறைக் கழகம் இலங்கைக்கு அது தேவையில்லை என்றது. குடும்பச் சொத்துப் பற்றிய பிணக்கில் கொடுத்த வாக்குறுதி அது. மனப்பூர்வமாக, ஆலோசித்து, ஒழுக்கக் கடமையை நிறைவேற்றக் கொடுத்த வாக்குச் சட்டத்தாலும் கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம். சட்டப் புத்தகத்துக்குள் மனச்சாட்சி நுழைந்த அபூர்வமான கதவு அது. ஒப்பந்தச் சட்டம் பற்றிய பெருநூலை 1967இல் தந்த நீதியரசர் வீரமந்திரியே, 1988இல் இஸ்லாமிய சட்டவியல் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அவர் முஸ்லிம் அல்லர். நம்மவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம் என்பது வேறு விஷயம்.

சட்டத்தரணிகளை நாம் நினைவுகூரும் விதமும் விசித்திரமானது. 1905இல் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றம் சென்ற எம். சி. அப்துல் காதரைத் தொப்பிக்காக நினைக்கிறோம். சித்தி லெவ்வையை முஸ்லிம் நேசனுக்காகவும் அசன்பே சரித்திரத்துக்காகவும் நினைக்கிறோம். அவர் கண்டியில் பிரக்கிராசி என்பது அடிக்குறிப்பாகிவிட்டது. எழுதத் தெரியாதவர்களுக்காக எழுதுவதே அந்தத் தொழில் என்பதை மறந்துவிட்டு அவரைப் படிக்க முடியுமா?

மேசைக்கே வருவோம். பெரிய ஒப்பந்தகாரர் தமது உப ஒப்பந்தகாரர்களுக்கு ஒரு படிவம் கேட்கிறார். எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குப் பணம் என்று ஒரு வாசகம் போடச் சொல்கிறார். மறுமுனையில் இருப்பவர் நாலு கூலியாட்களை வைத்துச் சுவர் எழுப்பும் மேசன் பாஸ். மேலே யாரோ பணத்தை நிறுத்தினால் பட்டினி கிடப்பது அவரும் அந்த நாலு பேரும்தான். பிரித்தானியா 1996இலும், சிங்கப்பூர் 2004இலும், மலேசியா 2012இலும் சட்டம் கொண்டுவந்து இத்தகைய வாசகங்களின் பல்லைப் பிடுங்கின. அங்கெல்லாம் அதை முதலில் எழுதிக் கொடுத்தவர்களும் சட்டம் படித்தவர்கள்தாம்.

“நான் எழுதாவிட்டால் இன்னொருவர் எழுதுவார்” என்பது வழக்கமான பதில். உண்மைதான். கட்சிக்காரரின் நலனைக் காப்பது சட்டத்தரணியின் கடமை என்பதும் உண்மை. அந்தக் கடமையை இலேசாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. மேற்சொன்ன வசனத்தின் பின்பகுதியில் எழுத்தாளனைப் பற்றி வரும் ஒரு சொல்லுக்கு முஃபஸ்ஸிர்கள் இரண்டு பொருள் கூறுகிறார்கள். எழுதுபவருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது ஒன்று. எழுதுபவர் தீங்கிழைக்கக் கூடாது என்பது மற்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அநியாய வாசகம் கேட்டு நெருக்குகிற கட்சிக்காரர் முதலாவதை மீறுகிறார், நெருக்குதலுக்கு வளைகிற சட்டத்தரணி இரண்டாவதை.

வாசகம் எல்லாவற்றையும் மாற்றும் பலம் அவருக்கு இருக்காது. ஆனால் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. உறுதியில் ஒப்பமிடுபவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், நொத்தாரிசு அதை வாசித்து விளக்கிய பின்னரே அத்தாட்சிப்படுத்த வேண்டும். 1907ஆம் ஆண்டிலிருந்து கிராமத்து நொத்தாரிசுகள் பத்துப் பேர்ச் காணிக்கும் இதைச் செய்து வருகிறார்கள். கட்டட ஒப்பந்தத்துக்கு அந்த விதி இல்லை. அது நிற்பது ஆங்கிலத்தில். மேசன் பாஸுக்கு வருவதோ தமிழ் அல்லது சிங்களம். பணம் எப்போது வரும், எப்போது வராமல் போகலாம், எத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற மூன்று விஷயங்களை அவருடைய மொழியில் ஒரே தாளில் எழுதி ஒப்பந்தத்தின் முன்னால் கோர்க்க, ஒரு சட்டத்தரணிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கட்சிக்காரர் அதை எடுத்துவிடச் சொல்வாரானால், ஏன் எடுக்க வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்ல நேரும்.