சும்மா பேசிக்கொண்டிருந்தவர்கள்

'வால்ட்ஸ் ஃபார் டெபி' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டவர்களுக்கு அந்த மனிதர்களைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாது, முகம் தெரியாது. பில் எவன்ஸ் ஒரு மெல்லிய தொடரை வாசித்து முடித்து அடுத்ததற்குப் போகும் சின்ன இடைவெளியில் ஒரு கண்ணாடி டம்ளர் மேசையில் படும். தூரத்தில் யாரோ சிரிப்பார்கள். பின்னால் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது, ஆனால் பேசுகிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில், செவன்த் அவென்யூவில், படியிறங்கிப் போக வேண்டிய வில்லேஜ் வேன்கார்ட் என்ற சின்ன கிளப். மதியம் இரண்டு, இரவு மூன்று என ஐந்து செட். பியானோ எவன்ஸ், டபுள் பேஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோட்டியன். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6 அன்று, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. எவன்ஸ் உடைந்துபோய் பல மாதங்கள் மேடைப் பக்கம் வரவில்லை. அன்றைய பதிவிலிருந்து முதலில் வந்த ஆல்பம் 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. லஃபாரோ எழுதிய ஒரு பாட்டில் தொடங்கி, அவர் எழுதிய இன்னொரு பாட்டில் அது முடியும். அடுத்த ஆண்டு 'வால்ட்ஸ் ஃபார் டெபி' வந்தது.

ஜாஸ் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "எவ்ளோ பெரிய விஷயம் நடந்துட்டு இருக்கு, பக்கத்துல உட்கார்ந்து கதை பேசிட்டு இருக்கானுங்க பாரு." நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். நாங்களும் நாலு பேர்தான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு நண்பனின் அறையில் கூடுவோம். வேன்கார்டில் அன்றைக்குப் பேசியவர்கள் எங்களுக்கு நிரந்தர வில்லன்கள்.

ஒரு கட்டத்தில் அந்த வில்லன்களை ஒழித்துவிடலாம் என்று தோன்றியது. நான் மென்பொருள் ஆள். ஒரு பாட்டிலிருந்து குரலைத் தனியாக, டிரம்ஸைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் மாடல்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து, அந்தப் பேச்சையும் டம்ளர் சத்தத்தையும் மட்டும் நீக்கப் பார்த்தேன்.

பாதி வேலை செய்தது. பேச்சு மங்கியது. கூடவே மோட்டியனும் மங்கினார். அவர் பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மைத் தேய்க்கும் சத்தம் கிட்டத்தட்ட வெறும் இரைச்சல்தான், அதிர்வெண் பட்டை முழுக்கப் பரவிக் கிடக்கும். மனிதர்கள் கிசுகிசுக்கும்போது வருகிற ஸ், ஷ் ஒலிகளும் அப்படித்தான். மாடலுக்கு இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒருவரைக் காலி செய்யச் சொன்னால் இன்னொருவரும் கிளம்பிவிடுகிறார். மிஞ்சியது தண்ணீருக்கு அடியில் வாசித்த மாதிரி ஒரு இசை.

அப்போதுதான் கொஞ்சம் யோசித்தேன். எது இசை, எது இரைச்சல் என்று மைக்குக்குத் தெரியாது. காற்றில் வந்த எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது. 'இது வேண்டாம்' என்ற தீர்ப்பு என்னுடையது. சரி, அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆதாரம்? அவர்கள் செய்த தப்புதான் என்ன?

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 1976-இல் ஒரு சிக்கலை முன்வைத்தார்கள். அறம்சார் அதிர்ஷ்டம் என்று தமிழில் சொல்லலாம். இரண்டு லாரி ஓட்டுநர்கள். இருவருமே பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியை எடுக்கிறார்கள். ஒருவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறார். இன்னொருவரின் வண்டிக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருகிறது. இருவர் செய்ததும் ஒரே அலட்சியம். ஆனால் ஒருவரை மறந்துவிடுகிறோம், மற்றவரை மன்னிக்க மறுக்கிறோம். குழந்தை ஓடிவந்ததும் வராததும் அவர்கள் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்றை வைத்து ஒருவரின் குற்றத்தை எப்படி அளக்கிறோம்?

வேன்கார்டில் பேசியவர்கள் மீதான நம் கோபமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நாட்களிலும் அதே மூவர் அங்கே வாசித்தார்கள். அன்றும் யாராவது பேசியிருப்பார்கள். பதிவு செய்யவில்லை, ஆகவே குற்றமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களுக்கு இரண்டு துரதிர்ஷ்டம்: மைக் இருந்தது, பதினொரு நாளில் ஒருவர் இறந்தார். லஃபாரோ எழுபது வயது வரை வாழ்ந்திருந்தால் அதே முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு, "ஆஹா, கிளப் உள்ளயே உட்கார்ந்த மாதிரி இருக்கே" என்று சிலாகித்திருப்போம்.

சும்மா சொல்லவில்லை. கேனன்பால் அடர்லியின் 'மெர்சி, மெர்சி, மெர்சி' ஆல்பத்தின் உறையில் 'லைவ் அட் த கிளப்' என்று இருக்கும். உண்மையில் அது 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஸ்டுடியோவில் பதிவானது. ஆட்களை அழைத்து உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, அவர்களின் ஆரவாரத்தையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். கூட்டத்தின் சத்தம் அங்கே சரக்கின் ஒரு பகுதி.

ஆனால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அதை வைக்கிறவர் லேசான ஆள் இல்லை, சார்ல்ஸ் மிங்கஸ். 1960-இல் பதிவான 'சார்ல்ஸ் மிங்கஸ் பிரசன்ட்ஸ் சார்ல்ஸ் மிங்கஸ்' ஆல்பத்தில் அவர் பேசுவதும் பதிவாகியிருக்கிறது: கைதட்டாதீர்கள், டம்ளரில் ஐஸைக் குலுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். விஷயம் என்னவென்றால், அங்கே பார்வையாளர்களே கிடையாது. அதுவும் ஸ்டுடியோதான். கிளப் என்று கற்பனை செய்துகொண்டு, இல்லாத கூட்டத்தைக் கண்டிக்கிறார். அந்த அளவுக்கு அது அவரை உறுத்தியிருக்கிறது.

இதை ஒரு மேதையின் முன்கோபம் என்று தள்ளிவிட முடியாது. அதே ஊரில் சிம்ஃபனி அரங்குக்குப் போகிறவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கும் கிளப்பில் மட்டும் இசை சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டமாக இருந்தது. மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட் கோட்டும் சூட்டும் அணிந்து கச்சேரி அரங்குகளில் வாசித்ததற்குப் பின்னாலும் இந்த அரசியல் உண்டு. அமைதியாகக் கேள் என்றால், என்னைச் சமமாக நடத்து என்று அர்த்தம். எதிரில் ஒருவன் உழைத்துக்கொண்டிருக்கும்போது அவனைச் சுவரைப் போல நடத்தக் கூடாது. மிங்கஸ் சொன்னது சரி. இப்போதும் சரி.

அப்படியென்றால் வேன்கார்ட்காரர்கள் குற்றவாளிகள்தானே? கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் காசு கொடுத்து வந்தார்கள். அந்த மேசைகளில் விற்ற பானத்தில்தான் அந்த அறை உயிரோடு இருந்தது. நாம் அறுபது வருடம் கழித்து, சந்தாவில் மாதத்துக்குச் சில ரூபாய் கட்டிவிட்டு, பவ்யமாகக் கேட்கிறோம். அந்த டம்ளர் சத்தம் இல்லையென்றால் நமக்கு இந்த இசையே கிடைத்திருக்காது. இன்னொன்றும் உண்டு. இந்த மூவரைப் பாராட்ட நாம் எல்லோரும் சொல்வது என்ன? மூன்று பேர் உரையாடுகிற மாதிரி இருக்கிறது என்கிறோம். லஃபாரோ தாளத்துக்குப் பாய் விரிப்பதோடு நிற்காமல் பியானோவுக்குப் பதில் சொன்னார், குறுக்கே பேசினார். மேடையில் நடந்தால் உரையாடல் மிக உயர்ந்த பாராட்டு. மேசையில் நடந்தால் இரைச்சல்.

இங்கே வரைக்கும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் என்று முடித்துவிடலாம். முடிக்க விடாமல் ஒரு விஷயம் தடுக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, அதே அறையில், அதே ஆல்பம். மற்ற இருவர் இன்னும் வரவில்லை. பேஸ் சோலோ தொடங்கியிருந்தது. நண்பன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். குரலில் ஒன்றுமே இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "மச்சி, இந்த மாசத்தோட..." என்றான். நான் அவன் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டினேன். "இருடா, இந்த சோலோ முடியட்டும்."

சோலோ முடிந்தது. நான் வழக்கம்போல, "அந்தப் பேசிட்டு இருக்கிறவனை வெளிய அனுப்பணும்டா" என்று ஏதோ சொன்னேன். அவன் சிரித்தான். நான் கேட்கவில்லை, அவனும் மறுபடி சொல்லவில்லை. மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறான். அன்று அவன் முதலில் சொல்ல வந்தது என்னிடம்தான்.

மனிதர்கள் முக்கியமான விஷயத்தை முக்கியமான குரலில் சொல்வதில்லை. டீ ஆறுகிறது என்கிற குரலிலேயே வேலை போய்விட்டது என்கிறார்கள். வேன்கார்டில் அந்த முணுமுணுப்பு எதைப் பற்றியோ, நமக்குத் தெரியப்போவதில்லை. வெறும் அரட்டையாகவே இருந்திருக்கலாம், அதைப் புனிதப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் 'கவனமில்லாத கூட்டம்' என்று நான் சொன்னது தப்பு. அவர்கள் கவனம் எதிரில் உட்கார்ந்திருந்தவர் மேல் இருந்தது. ஒன்றைக் கவனிக்கிறவன் இன்னொன்றுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே, அமைதியாக இருந்தாயா என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்கு முதுகைக் காட்டினாய், திரும்பிப் பார்த்திருக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியில் வேன்கார்ட்காரர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். மேடையில் இருந்த 25 வயது இளைஞன் பதினொரு நாளில் இறப்பான் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வழியே இல்லை. என்னிடம் வழி இருந்தது. கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் அவன் முகம் தெரிந்திருக்கும். அது போதாதென்றால், நிறுத்தவும் முடிந்திருக்கும். மிங்கஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவரால் மிங்கஸை நிறுத்திவைக்க முடியாது, அதனால் அவருக்கு அமைதி கேட்க உரிமை உண்டு. என் எதிரில் இருந்தது ஒரு பதிவு. அறுபது வருடம் காத்திருந்த சோலோ இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கும். காத்திருக்க முடியாதவன் ஜன்னல் பக்கம் இருந்தான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. போன வாரம்கூடப் பேசினோம், அந்தச் சனிக்கிழமை அவனுக்கு நினைவிலேயே இல்லை. "எப்போடா?" என்றான். நிம்மதியாக இருந்தது. போனை வைத்த பிறகு அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் வீடு போய்ச் சேர்ந்த அந்த லாரி ஓட்டுநரும் இப்படித்தான் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பிரேக்கைப் பார்க்காமல் எடுத்த வண்டிதான் என்னுடையதும். குறுக்கே யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.