சுற்றிப் பார்க்கிறவர்களும் பார்க்கப்படுகிறவர்களும்

ஊர்விட்டு ஊர் போவது என்றால் நம் சனங்களுக்கு நெடுங்காலம் ஒரே அர்த்தம்தான்: பிழைப்பு. கங்காணி பின்னால் கப்பலேறியது, அறுப்புக்கு ஊர் ஊராகப் போனது, செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனது, கலவரம் என்றதும் ராவோடு ராவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பார்ப்பதற்கென்றே ஓர் இடத்துக்குப் போவது, நின்று நிதானமாகப் பார்ப்பது, அந்த ஊர்ச் சாப்பாட்டை ருசிப்பது, திரும்பி வந்து கதை சொல்வது என்பதெல்லாம் நமக்கு வாய்க்கவில்லை. அபூர்வமாக வாய்த்தபோது என்ன நடந்தது என்பதற்கு பாபாசாகேப் அம்பேத்கரே சாட்சி.

1934ஆம் ஆண்டு. இயக்கத் தோழர்கள் சிலர் அவரோடு சேர்ந்து சுற்றுப்பயணம் போக ஆசைப்பட்டார்கள். வேரூல் என்கிற எல்லோராவின் பௌத்தக் குகைகளைப் பார்ப்பது திட்டம். சுமார் முப்பது பேர். பஸ்களும் கார்களும் வாடகைக்குப் பிடித்து நாசிக்கிலிருந்து கிளம்பினார்கள். தாங்கள் யார் என்று வழியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே பயணத்தை அறிவிக்காமல் போனார்கள். அப்போது நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தௌலதாபாத் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி. வாசலில் தண்ணீர் ததும்பும் ஒரு சிறு குளம். சிலர் முகம், கால் கழுவினார்கள். அவ்வளவுதான். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டு ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் உள்ளே எங்கேயும் தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாதே, அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாய் கூடவே வந்தான். அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்த 'கைடு' அவன்தான்.

இந்து மதத்துக்காரனுக்குத் தீண்டத்தகாதவனாக இருக்கிறவன் முஸ்லிமுக்கும் தீண்டத்தகாதவனே என்பதைச் சொல்லத்தான் அம்பேத்கர் இதை எழுதினார். எனக்கு இதில் இன்னொன்றும் உறைக்கிறது. பழைய கோட்டையைச் சுற்றிப் பார்க்கிற அந்தச் சின்ன சந்தோஷத்துக்குக்கூட, பார்க்கிறவன் யார் என்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கிய மனிதருக்கே இதுதான் கதி. பார்ப்பது என்பது கண் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. அது ஓர் அதிகாரம்.

2

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. மூன்று வருஷம் நான் கைடு வேலை பார்த்தேன். கொஞ்சம் இங்கிலீஷ் வரும், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அது போதுமானதாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு, ஒரு டெம்போ டிராவலர், எட்டு ஒன்பது நாள். மாமல்லபுரம், புதுச்சேரி, தஞ்சாவூர், காரைக்குடி, மதுரை. பாரம்பரியம், உணவு, கிராமம் மூன்றையும் 'உள்ளது உள்ளபடி' காட்டுவதாகப் பேச்சு. கம்பெனிக்காரர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்: "சாதி அது இதுன்னு பேசி வைக்காத தம்பி. கேட்டாங்கன்னா, அதெல்லாம் அந்தக் காலம்னு சொல்லிடு. லீவுக்கு வந்தவங்க மனசு கஷ்டப்படக் கூடாது."

லீவுக்கு வந்தவர்கள் மனசு கஷ்டப்படாமல் தஞ்சைப் பெரிய கோயிலை எப்படிக் காட்டுவது? 1010இல் முடித்த கோயில், 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். விமானத்தின் உயரம், நந்தியின் எடை, ஓவியம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். அதே சுவர்க் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி கட்ட வேண்டாத நிலங்கள் எவை என்கிற கணக்கும் இருக்கிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று அந்தப் பட்டியல் போகும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே ஊர் வேறு, சேரி வேறு என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். எழுத்தின் அழகைக் காட்டச் சொன்னார்கள். எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லவில்லை.

மதுரையில் வேறு மாதிரி. மீனாட்சி கோயிலில் இந்து அல்லாதவர்கள் குறிப்பிட்ட இடத்துக்கு மேல் போக முடியாது. வயதான ஓர் அம்மா, அயர்லாந்துக்காரர், போர்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து, "உன்னை விடுவார்களா?" என்று கேட்டார். விடுவார்கள் என்றேன். "எப்போதும் விட்டார்களா?" என்றார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் ஐந்து தாழ்த்தப்பட்டவர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனதைச் சொன்னேன். அதற்கு முன்னால் என் தாத்தாவும் இந்த இடத்தைத் தாண்டியிருக்க முடியாது என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுவரை நீ சொன்னதிலேயே எனக்குப் புரிந்தது இதுதான்" என்றார். அந்தம்மா மனசு கஷ்டப்பட்டிருக்கும்தான். ஆனால் லீவு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

3

காரைக்குடிப் பக்கம் போனால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடித் தரைக்கல். இந்த வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், 'கடல் கடந்த வாணிபம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர வேண்டும். அந்த வாணிபத்தில் பெரும்பகுதி வட்டி. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. பொருளாதார மந்தத்தில் பர்மிய விவசாயி கடனைக் கட்ட முடியாமல் போய், 1938இல் அது 25 விழுக்காடு ஆனது.

அதே கடலைத்தான் நம் ஆட்களும் கடந்தார்கள். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும், மலேயாவில் ரப்பர் பால் எடுக்கவும், இலங்கையில் தேயிலை பறிக்கவும் போனார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கப்பலில் இடம் கிடைக்காத கூலிகள் காடு மலை வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். முதலாளி போய் வந்ததற்கு அடையாளமாக வீடு நிற்கிறது. கூலி போய் வந்ததற்கு எது நிற்கிறது? நின்றால்தான் பாரம்பரியம் என்று வைத்துக்கொண்டால், கல்லும் தேக்கும் வாங்க முடிந்தவனுக்கு மட்டும்தான் பாரம்பரியம். மண்சுவரும் கீற்றும் இரண்டு மழையில் கரைந்துவிடும்.

முடியாமல் போனது வேறு, முடியாதபடி செய்தது வேறு. செட்டிநாடு அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்துக் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

இப்போது அதே சீமையில் பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் குழம்பு வைத்துக் கொடுக்கிறார்கள். மண்சட்டி மீன்குழம்புக்குத் தனி ருசி என்கிறார்கள். ருசி இருக்கத்தான் செய்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் விரும்பி எடுக்கிறவன் கையில் இருக்கிற மண்சட்டியும், வேறு எதையும் தொடாதே என்று உதைத்துக் கொடுத்த மண்சட்டியும் ஒன்றாகுமா? ஒரே பொருள், ஒரே சக்கரத்தில் வனைந்தது. ஒன்று பாரம்பரியம், இன்னொன்று தண்டனை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் சட்டியை மட்டும் காட்டினால் அது பொய்.

4

சாப்பாட்டுக்கு வருவோம். 'கிராமத்து உணவு' என்று தலைவாழை இலை போட்டு சாம்பார், கூட்டு, பொரியல், வடை, பாயசம் வைப்பார்கள். செட்டிநாட்டில் கோழி, நண்டு, காடை உண்டு. எல்லாம் ஊர்த்தெருச் சாப்பாடு. வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள் நாட்டில் வாரத்துக்கு நாலு நாள் மாட்டுக்கறி தின்கிறவர்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கறி. உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்தால் மழைக்காலத்துக்கு வரும். குடலும் ரத்தப் பொரியலும் எங்க அம்மா செய்தால் தெருவே மணக்கும். ஆக, பயணிகளும் கைடும் சேர்ந்து தின்னக்கூடிய ஒரு கறி இருக்கிறது. அது மட்டும் இலையில் வராது. தமிழ்ச் சாப்பாடு என்று அவர்கள் ஊருக்குக் கொண்டுபோகிற நினைவில் நம் அடுப்பு இருக்காது.

வயல்காட்டிலும் இதே கதைதான். டெல்டாவில் நடவு நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். பச்சைப் பசேலென்று வயல், வரிசையாகக் குனிந்த பெண்கள். படம் நன்றாக வரும். அந்தப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தால் படம் கெட்டுப்போகும் என்பதுபோல எல்லாரும் அவசரமாக எடுப்பார்கள். தஞ்சை நெல்லின் வரலாற்றில் வெண்மணியும் உண்டு. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அங்கே நினைவிடம் இருக்கிறது. கோயில் கோயிலாகப் போகிற வண்டி அந்தப் பக்கம் திரும்பாது.

5

அப்படியானால் வண்டியைச் சேரிக்குத் திருப்புவதா? இதுதான் எனக்குள் ஓயாத கேள்வி.

எங்கள் தெருவில் படித்த ஒரு தம்பி அடித்துச் சொன்னான்: "ஏன்ணே கூடாது? எல்லாத்தையும் காட்டுறாங்க, நம்மள மறைச்சுடுறாங்க. நம்ம பறை, நம்ம சாப்பாடு, நம்ம கதை. நாமளே காட்டுவோம். நாலு காசும் வரும்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இல்லாதது மாதிரி ஒதுக்கி வைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதான்.

ஆனால் காட்டுவதும் ஆபத்து. கேமராவோடு பன்னிரண்டு பேர் ஒரு சந்துக்குள் வந்தால், அந்தச் சந்தில் இருப்பவர்கள் அந்த நிமிஷமே காட்சிப் பொருள் ஆகிவிடுகிறார்கள். சாவுக்கு அடித்த பறையை, அடிக்க மாட்டோம் என்று போராடி நிறுத்திய ஊர்கள் உண்டு. அங்கேயே வந்து 'ஒரு பத்து நிமிஷம் அடிச்சுக் காட்டுங்க' என்றால் என்ன அர்த்தம்? வறுமை ஒரு பண்டமாகிவிட்டால், அது தீராமல் இருப்பதில் யாருக்கோ லாபம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கேட்டேன். நடவு, அறுப்பு என்று அறுபது வருஷம் வயலில் கிடந்தவர். "வரட்டுமே, யாரு வேண்டாங்குறது? வந்தா நம்ம ஊட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு வாய் சோறு திங்கட்டும். அவுக என்னைக் கேக்குறத நானும் அவுகளக் கேப்பேன். உங்க ஊர்ல யாரு கக்கூசு கழுவுறான்னு கேப்பேன். பதில் சொல்லுவாகளா?"

அறம் பற்றி நான் படித்த எதைவிடவும் இது தெளிவாக இருந்தது. பார்க்கிறவனைத் திருப்பிப் பார்க்க முடிகிறதா, கேட்கிறவனைத் திருப்பிக் கேட்க முடிகிறதா, வேண்டாம் என்றால் வாசலைச் சாத்த முடிகிறதா? இந்த மூன்றும் இருந்தால் வருகிறவன் விருந்தாளி, வீட்டில் இருக்கிறவர் வீட்டுக்காரர். மூன்றும் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மனசோடு வந்தாலும் அது வேடிக்கைதான். திண்ணையில் உட்கார்ந்து தின்பதைப் பெரியம்மா முதல் நிபந்தனையாக வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. சாதி இந்த நாட்டில் பார்வையைத் தடுத்ததைவிடப் பந்தியைத் தடுத்ததுதான் அதிகம். எட்டி நின்று பார்க்க எவனுக்கும் கஷ்டமில்லை.

இன்னொரு கட்சியும் நம்மிடையே உண்டு. பெரிய கோயிலா, அது நம்முடையதில்லை, அதை ஏன் பார்க்க வேண்டும் என்பவர்கள். அதற்கு எதிராக, கல் சுமந்தவன் நாம், அது நம் பெருமை என்பவர்கள். இரண்டிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பார்க்காமல் இருந்தால் அந்தக் கல்வெட்டை யார் வாசிப்பது? பெருமையில் பங்கு கேட்டால், பறைச்சேரி என்று எழுதினவனின் பெருமையிலும் அல்லவா பங்கு கேட்கிறோம்? பாரம்பரியத்தை நான் ஒரு கணக்குப் புத்தகமாகப் பார்க்கிறேன். யார் உழைத்தது, யார் எடுத்துக்கொண்டது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கடன்காரன் அட்டையின் அழகை மட்டும் காட்டுவான். பாக்கி வர வேண்டியவன்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அதனால் மாணவர்களிடமும் இயக்கத் தோழர்களிடமும் நான் சொல்வது ஒன்றுதான். நாமும் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் சேர்ந்து கிளம்புவோம். எல்லோராவுக்குப் போவோம், 1927இல் தண்ணீர் அள்ளிக் குடித்த மகாத் குளத்துக்குப் போவோம், வெண்மணிக்குப் போவோம். தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும்கூடப் போவோம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, நல்ல சட்டை போட்டு, நல்ல ஓட்டலில் சாப்பிட்டு, சாவகாசமாகச் சுற்றிப் பார்ப்போம். எல்லாம் முடிந்த பிறகு அங்கே இருக்கிற கைடிடம், "இதைக் கட்டினவங்க எந்தத் தெருவுல இருந்தாங்க?" என்று கேட்போம். பதில் தெரியவில்லை என்றால், தெரியும்வரைக்கும் அங்கேயே நிற்போம்.