கவலையும் மூளைக் கலங்களும்

"கவலைப்படாதேயுங்கோ, மூளை பழுதாகிவிடும்" என்று துயரத்தில் இருப்பவருக்குப் பலரும் ஆறுதல் சொல்வதுண்டு. சொல்பவரின் நோக்கம் நல்லதே. ஆயினும் துயரப்படுபவர் தமக்குத் தாமே தீங்கு தேடுகிறார் என்ற குற்றச்சாட்டும் அதில் மறைந்திருக்கிறது. இது நியாயமா என்பது சிந்திக்கத்தக்கது.

மனக்கவலை மூளையைத் தாக்கும் என்பதில் ஐயமில்லை. அச்சமோ கோபமோ எழும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அதிரீனற் சுரப்பிகள் முதலில் அதிரீனலினையும் சற்றுப் பின்னர் கோட்டிசோல் என்னும் ஓமோனையும் சுரக்கின்றன. பாம்பைக் கண்டு விலகுபவருக்கு இது உதவியே. ஆபத்து நீங்கிய பின்னும் சுரப்பு ஓயாதிருப்பதுதான் கேடு. இவ்வகை ஓமோன் எலிகளின் மூளையில் நினைவுக்குரிய பகுதியில் சென்று பற்றுவதை 1968 இல் அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் மக்கியூவனும் அவரது குழுவினரும் கண்டறிந்தனர். அப்பகுதி கடற்குதிரை போன்ற வடிவுடையது. பிந்திய ஆய்வுகளில், நாள்தோறும் சில மணிநேரம் அசையவிடாது மூன்று வாரம் அடைக்கப்பட்ட எலிகளில் அங்குள்ள நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. கலங்கள் இறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடைப்பு நீங்கியதும் கிளைகள் மீண்டும் தழைத்தன. பட்ட மரம் வேறு, இலையுதிர்ந்த மரம் வேறு அல்லவா? கோட்டிசோல் மிதமிஞ்சிச் சுரக்கும் கூசிங் நோயாளரிலும் இப்பகுதி சிறுத்திருப்பதும், சிகிச்சையின் பின் ஓரளவு மீள்வதும் அறியப்பட்டுள்ளன.

இதற்கு மாறான ஒன்றும் உண்டு. அச்சத்துக்குரிய, வாதுமைக்கொட்டை போன்ற பகுதியில் கிளைகள் சுருங்காமல் வளர்கின்றன என 2002 இல் பெங்களூர் ஆய்வாளர் காட்டினர். நினைவு தளர, பயம் செழிக்கிறது.

இனி நியாயத்துக்கு வருவோம். வேலிக் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதென்று இருபது வருடமாக அயலவனோடு பேசாதிருப்பவர், காலையில் எழுந்ததும் அந்த வேலியைப் பார்த்தே கோபத்தைப் புதுப்பிக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் கோட்டிசோல் நியாயம் கேட்டுச் சுரப்பதில்லை. உரிமையை விடவேண்டியதில்லை, மத்தியஸ்த சபைக்குப் போகலாம். தினமும் கோபத்தை மூட்டுவதில் மட்டும் அவருக்கும் பங்குண்டு.

2004 மார்கழி 26 இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் நிலை அதுவன்று. அவர் துயரைத் தேடிச் செல்லவில்லை. அவருக்கு மூளையின் கேட்டை எடுத்துச் சொல்வது, சுமையோடு நிற்பவரின் தலையில் இன்னொரு கல்லை ஏற்றுவதாகும். அழாதே என்று அடக்குவதும் அறமன்று.

அருகில் ஒரு துணை இருந்தால் அழுத்த ஓமோனின் எழுச்சி குறைவதை விலங்குகளிலும் மனிதரிலும் கண்டிருக்கிறார்கள். ஆகவே கடமை பெரிதும் சுற்றத்தாருடையதே. செத்தவீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் உறவினர் சாப்பாடு கொண்டுவருவதும், எட்டுச் செலவு வரை ஆள்மாறி ஆள் இரவில் தங்குவதும் விஞ்ஞானம் படித்து ஏற்பட்ட வழக்கமல்ல. ஆனால் அந்தியேட்டி முடிந்து, இரவல் வாங்கிய கதிரைகள் திருப்பிக் கொடுக்கப்பட்ட பின்னரே அவ்வீட்டில் நீண்ட இரவுகள் தொடங்குகின்றன. அப்போது படலையைத் திறந்து வருபவர் மிகச் சிலர்.