தற்காலிகமாக ஒரு சொல்

ஞாயிறு

பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே பூட்டிய கணினி. டெபியன் 12 ஏற்றியாயிற்று. நடுவில் திரை கறுத்துப்போனது, எப்படியோ வரவழைத்தேன். கிராஃபிக்ஸ் கார்டு புதிது, டெபியனோடு வந்த 6.1 கர்னலுக்குப் பழக்கமில்லை போலும். பேக்போர்ட்ஸிலிருந்து புதிய கர்னலும் ஃபர்ம்வேரும் போட்டுவிட்டேன்.

ஆனாலும் சாளரத்தைப் பிடித்து இழுத்தால் அது கையோடு வரவில்லை. தயங்கித் தயங்கி வருகிறது. பழைய மடிக்கணினிகூட இப்படித் தயங்கியதில்லை.

திங்கள்

ரேமின் மேல் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. டிஎம்ஐடிகோடு கட்டளையோ 2133 என்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பியை இயக்கும்வரை மதர்போர்டு பத்திரமான வேகத்தில்தான் ரேமை ஓட்டும். இயக்கினேன், 3200 வந்தது. சாளரத்தின் தயக்கம் போகவில்லை.

கண்ணில் பட்ட முதல் குறையையே காரணம் என்று மனம் பிடித்துக்கொள்கிறது. திருத்த வேண்டிய குறைதான் அது. என் கேள்விக்கு மட்டும் அது பதிலாகவில்லை.

செவ்வாய்

இன்று எதையும் மாற்றுவதில்லை, பார்ப்பது மட்டும் என்று உட்கார்ந்தேன்.

வெப்பம் 60 டிகிரியைத் தாண்டவில்லை. எஸ்எஸ்டி சும்மா கிடந்தது. பிராசசரின் உழைப்பைக் காட்டும் எச்டாப்பை ஓரமாகத் திறந்துவைத்து, இன்னொரு சாளரத்தை மெல்ல இழுத்தேன். பிராசசரின் எல்லாக் கோர்களும் ஒருசேர ஏறின. கையை எடுத்தேன், இறங்கின. மறுபடி இழுத்தேன், மறுபடி ஏறின. மூச்சைக் கவனிப்பதுபோல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலையாயிற்றே. வரைவது யார் என்று ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவிடம் கேட்டேன். கார்டின் பெயர் இருக்க வேண்டிய வரியில் எல்எல்விஎம்பைப் என்றிருந்தது. கார்டு கைக்கு எட்டாதபோது, மெசா என்ற வரைகலை நூலகம் பிராசசரைக் கொண்டே படம் வரையும் ஏற்பாடு அது. ஃபுல் எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்க வேண்டும். மந்தம் என்று நான் குறைபட்ட கணினியின் பிராசசர், தனக்கு விதிக்கப்படாத சுமையை மூன்று நாளாகச் சுமந்திருக்கிறது.

புதன்

கார்டு ஏன் ஒதுங்கி நிற்கிறது?

ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் என்றொரு கோப்பு உண்டு. கர்னல் எழும்போது அதற்குச் சொல்லப்பட்டதெல்லாம் அதில் அப்படியே இருக்கும். கடைசிச் சொல்: நோமோட்செட். கிராஃபிக்ஸ் டிரைவர் திரையைக் கையில் எடுக்காமல் தடுக்கும் சொல். ஞாயிறு திரை கறுத்தபோது நான் சேர்த்தது. ‘எப்படியோ வரவழைத்தேன்’ என்று எழுதியிருக்கிறேனே, அந்த ‘எப்படியோ’ இதுதான்.

அன்று அந்தச் சொல் இல்லாவிட்டால் திரையே வந்திராது. புதிய கர்னல் வந்ததும் அதன் வேலை முடிந்துவிட்டது. போகச் சொல்லத்தான் ஆள் இல்லை.

கிரப் கோப்பில் அதை அழித்து, அப்டேட்-கிரப் கொடுத்து, மறுபடி எழுப்பினேன். சாளரம் கையோடு வந்தது.

அவசரத்துக்குச் சேர்ப்பவற்றுக்கென்று இந்த நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். முதல் வரி: நோமோட்செட். சேர்த்தது ஞாயிறு. எடுத்தது புதன்.