பனிக்கு முந்தைய வசனம்



கடுஞ்சிவப்பான பாவமும் உறைபனிபோல் வெண்மையாகும் என்று இன்றைய முதல் வாசகத்தில் எசாயா வழியாக ஆண்டவர் வாக்களிக்கிறார். நம்மில் எத்தனை பேர் அந்த வெண்மையைப் பார்த்திருக்கிறோம்? தூத்துக்குடியில் ஆகஸ்ட் வெயிலில் வியர்க்க வியர்க்கப் பனிமய மாதா திருவிழா கொண்டாடுகிறவர்கள் நாம். நமக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான்.

2018 தவக்காலத்தில் உரோமைக்குப் போயிருந்தபோது நான் அந்த வெண்மையைப் பார்த்தேன். பிப்ரவரி 26, திங்கட்கிழமை. சைபீரியக் குளிர்காற்று வந்து, விடிவதற்குள் நகரமே வெளுத்துக் கிடந்தது. 2012-க்குப் பிறகு அங்கே அப்படிப் பனி பெய்ததில்லையாம். பள்ளிகளை மூடிவிட்டார்கள். புனித பேதுரு சதுக்கத்தில் குருக்களும் குருமாணவர்களும் அங்கியோடு பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் திருப்பலியில் வாசித்தது இதே எசாயா முதல் அதிகாரம். பனியைக் குறித்து யாரும் ஏற்பாடு செய்த வாசகமல்ல. தவக்காலம் இரண்டாம் வாரச் செவ்வாய்க்கு உரியது. வெண்மையைப் பற்றிய வசனம் 18. அதற்கு முந்தைய இரண்டையும் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். உங்களைக் கழுவிக்கொள்ளுங்கள், ஒடுக்கப்பட்டவருக்குத் துணை நில்லுங்கள், திக்கற்ற பிள்ளைக்கு நீதி வழங்குங்கள், கைம்பெண்ணுக்காக வழக்காடுங்கள் என்கிறார் ஆண்டவர். பனி மூடத்தான் செய்யும். உருகியதும் தெருவில் பழைய குப்பை அப்படியே கிடந்தது. ஆண்டவர் மூடுவதைப் பற்றிப் பேசவில்லை, கழுவச் சொல்கிறார்.

அந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தூண்களின் நிழலில் இரவில் படுத்துறங்கும் ஏழைகள் உண்டு. விருந்தாளியான எனக்கு வெந்நீரும் சூடான அறையும் இருந்தன. அதனால் பனி அழகாகத் தெரிந்தது. அவர்களுக்கு அது உயிரைப் பறிக்கும் குளிர். திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2015-ல், அதே தூண்களுக்கு அருகே வீடற்றவர்களுக்கென்று குளியலறைகள் திறக்கப்பட்டன. பேராலயத்தை நிமிர்ந்து பார்த்துப் படமெடுக்கும் பயணிகள் பலர் அவற்றைக் கவனிப்பதில்லை. எசாயாவின் கழுவுதலுக்கு இதைவிட நேரான விளக்கவுரை எனக்குத் தெரியாது.

நம் பங்கிலும் தனியாக வாழும் கைம்பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வூதிய மனு எழுதத் தெரியாமல், தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். வின்சென்ட் தே பவுல் சபையினர் இந்த வாரம் அவர்கள் வீடுகளுக்குப் போகிறார்கள். மனு எழுதவும் அலுவலகத்துக்குக் கூடப் போகவும் ஆள் வேண்டும். திருப்பலி முடிந்ததும் சபையினரிடம் பெயர் கொடுங்கள்.